மாப்பிள்ளை வீட்டார் பார்த்த சைக்கிள்

ஜூன் 12, புதன்

டாக்டர் எழுதச் சொல்லியிருக்கிறார். என்ன தின்கிறேன், உடம்பை எவ்வளவு அசைக்கிறேன் என்று தினமும் எழுதி அடுத்த மாதம் கொண்டுபோய்க் காட்ட வேண்டுமாம். ஐம்பத்து நாலு வயதில் எனக்கு வீட்டுப்பாடம். மில்லில் வருஷா வருஷம் கொடுக்கிற டைரி சும்மாதானே கிடக்கிறது, அதில் எழுதுகிறேன்.

காலை: இட்லி நாலு. மதியம்: சோறு, புளிக்குழம்பு, அப்பளம். அப்பளம் கணக்கில் வராது என்று நினைக்கிறேன். சாயங்காலம்: வடை.

சர்க்கரை எக்கச்சக்கமாக ஏறிக் கிடக்கிறதாம். தினமும் ஒரு மணி நேரம் நடக்கச் சொன்னார். குதிகால் வலி, தரையில் ஊன்ற முடியவில்லை என்றேன். “அப்ப சைக்கிள் மிதிங்க. வேலைக்கு எவ்வளவு தூரம் போறீங்க?” என்றார். ஆய்க்குடி ரோட்டில் நூல் மில், தென்காசியிலிருந்து ஏழு கிலோமீட்டர், அங்கே ஸ்டோர் கீப்பர் என்று முழு விவரத்தையும் சொல்லித் தொலைத்தேன். மனுஷன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். “பைக்கைத் தொடாதீங்க. சைக்கிள்லயே போயிட்டு வாங்க” என்று சீட்டில் எழுதியே கொடுத்துவிட்டார்.

வீட்டில் சொன்னதும் கோமதி அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வந்தாள். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்தால் விஷயம் பெரிசு என்று அர்த்தம்.

“இப்பவா? நம்ம மகேசுக்கு சுரண்டையில பேசிக்கிட்டிருக்கிற நேரத்துலயா? பொண்ணைப் பெத்தவரு சைக்கிள்ல போறாருன்னு தெரிஞ்சா அவுக என்ன நினைப்பாக?”

“சுகர்னு நினைப்பாக.”

“சுகர்னும் தெரியக் கூடாது.”

நான் என்னதான் செய்ய?

ஜூன் 15, சனி

இட்லி மூன்று. சட்னியோடு நாலு.

சுரண்டைக்காரர்கள் பெண் பார்த்துவிட்டுப் போய் ஒரு மாதம் ஆகப்போகிறது. கோமதியின் மதினி ஒருத்தி சுரண்டையில் இருக்கிறாள், அவள் கொண்டுவந்த இடம். பையன் ராஜகோபால், புனேயில் கம்ப்யூட்டர் வேலை. அப்பா தெய்வநாயகம், இரும்புக்கடை, மூன்று மாடி வீடு. பையன் அதிகம் பேசவில்லை, போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்பாதான் பேசினார். “எங்க வீட்டு மருமக வேலைக்குப் போகணும்னு அவசியமே இல்ல” என்று பெருமையாகச் சொன்னார். கோமதிக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. மகேஸ்வரி கண் ஆஸ்பத்திரியில் கண் பரிசோதிக்கிற வேலையில் ஐந்து வருஷமாக இருக்கிறாள். ஊர் ஊராகக் கேம்ப் போவாள். அவர் அப்படிச் சொன்னபோது காலித் தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனவள்தான், அப்புறம் வெளியே வரவில்லை. வெட்கம்.

இன்னும் அவர்கள் முடிவு சொல்லவில்லை. விசாரித்துக்கொண்டிருக்கிறார்களாம். அதனால் நான் தும்மினாலும் சுரண்டையில் கேட்டுவிடும் என்று கோமதி பயப்படுகிறாள்.

ஜூன் 16, ஞாயிறு

செய்யது சைக்கிள் கடைக்குப் போனேன். எனக்குத் தெரிந்த சைக்கிள் ஒன்றுதான், கறுப்பாக இருக்கும். அங்கே போய்ப் பார்த்தால் இருபத்தோரு கியராம், முன்னால் ஸ்பிரிங்காம், டிஸ்க் பிரேக்காம். “அண்ணாச்சி, இது மலையே ஏறும்” என்கிறார் செய்யது. மலையில் எனக்கு என்ன வேலை? நான் ஆய்க்குடி ரோட்டில் போகிறவன்.

சரி என்று ஏறி கோயில் வாசல் வரை ஓட்டிப் பார்த்தேன். குனிந்து ஓட்ட வேண்டுமாம். என் வயிறு எனக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவில் மூன்றாவது ஆளாக உட்கார்ந்துகொண்டது. சீட்டு வெண்டைக்காய் அகலம். சாரல் வேறு தூறிக்கொண்டிருந்தது, மட்கார்டு இல்லாததால் முதுகு முழுக்கச் சேறு. சாப்பாட்டுப் பையை வைக்கக் கேரியர் இல்லை. ஸ்டாண்டும் இல்லை. நிறுத்த வேண்டுமென்றால் சுவரில் சாத்திவைக்க வேண்டுமாம். ஒரு சைக்கிளுக்கு இருக்க வேண்டியது ஒன்றுமே இல்லை, விலை மட்டும் இருக்கிறது.

ராத்திரி சாப்பிடும்போது மகேசு, “அப்பா, அந்தச் சுரண்டை விஷயமா உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்” என்றாள். எனக்குத் தொடை இரண்டும் கழன்று கிடந்தது. இரும்மா, முதலில் இந்தச் சீட்டுக்கு ஒரு வழி பண்ணுவோம், மனுஷன் உட்காருகிற மாதிரி சீட்டு போட்டால் இவர்களுக்கு என்ன குறைந்துவிடும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் கை கழுவப் போய்விட்டாள்.

ஜூன் 20, வியாழன்

மில் முடிந்து மறுபடி செய்யது கடை. இன்றைக்குப் பழைய மாதிரி பார் வைத்த சைக்கிள். உயரமோ உயரம். எம்பி எம்பிப் பார்த்தேன், கால் தாண்டவில்லை. குதிகாலை ஊன்றி எம்பியதில் உயிர் போய் வந்தது. ரோட்டில் நின்றவன் எல்லாம் பார்க்கிறான்.

“லேடீஸ் மாடல் எடுங்க அண்ணாச்சி, ஏறி இறங்க சுகமா இருக்கும்.” சுகமாகத்தான் இருந்தது. ஆனால் என் அளவில் இருந்தது ஒன்றே ஒன்று, கத்திரிப்பூ நிறம், முன்னால் கூடை, கூடையில் பூனை படம். வேண்டாமய்யா. முப்பது வருஷம் உத்தியோகம் பார்த்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து புலம்பினேன். “கல்யாணம் முடியட்டும், அப்புறம் யானை மேலகூடப் போங்க” என்கிறாள் கோமதி. ஆடியில் வண்டி எதுவும் வாங்கக் கூடாதாம். ஆவணியில் கல்யாண வேலையாம். அப்புறம் எனக்கு எப்போது சர்க்கரை இறங்குவது?

மகேசு கதவோரம் நின்றுகொண்டு, “அப்பா, எனக்கு அவங்க…” என்று ஆரம்பித்தாள். நான் கியர் இருந்தால் எதிர்க்காற்றில் உதவுமா, உதவாதா என்று அவளிடமே கேட்டேன். படித்த பிள்ளையாயிற்றே. தலையில் கை வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கேம்ப் போய் வந்த களைப்பு.

ஜூன் 23, ஞாயிறு

இன்றைக்கு நடந்ததை எழுத வேண்டும். “நானும் வாரேன்ப்பா, நானே உங்களுக்குப் பாத்து எடுத்துத் தாரேன்” என்று மகேசு கூட வந்தாள். கடையில் நுழைந்ததும் புது சைக்கிள்களை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நேரே பின்பக்கம் போனாள். அங்கே பழைய சாமான்களுக்கு நடுவே ஒன்று சாய்ந்து கிடந்தது.

“அப்பா, இதுதான்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு பால்காரர் போட்டுவிட்டுப் போன சைக்கிளாம். பெயிண்ட் என்று ஒன்று இருந்ததற்கு அடையாளமே இல்லை. செயின் கவரைக் கம்பி வைத்துக் கட்டியிருந்தது. பால் கேன் மாட்ட கேரியருக்கு இரண்டு பக்கமும் பெரிய பெரிய இரும்புக் கொக்கி. பெல்லைத் தவிர மற்ற எல்லாம் சத்தம் போட்டது.

“அம்மா, அதை நான் இரும்புக்குப் போட வச்சிருக்கேன்” என்றார் செய்யது.

“அண்ணாச்சி, இதோட உறுதி இப்ப வர்றதுல உண்டா?” என்று அவரையே மடக்கிவிட்டாள். கம்பி எவ்வளவு கனம், கேரியர் எவ்வளவு அகலம் என்று ஒவ்வொன்றாகத் தட்டித் தட்டிக் காட்டினாள். நான் கத்திவிட்டுக் கிளம்பத்தான் இருந்தேன். ஒரு தரம் உட்கார்ந்து பாருங்கப்பா என்று கையைப் பிடித்து இழுத்தாள். உட்கார்ந்தேன். என்ன சொல்ல? அந்தப் பால்காரர் என் உயரம் போலிருக்கிறது. கால் தரையில் லேசாக ஊன்றியது. நிமிர்ந்து உட்கார முடிந்தது. சீட்டு அகலம். இரண்டு மட்கார்டு, டபுள் ஸ்டாண்டு. எனக்கென்றே செய்து, பிறகு யாரோ எடுத்து இருபது வருஷம் மழையில் போட்டதுபோல் இருந்தது.

காசு அவளே கொடுத்தாள். செய்யது டயர், பிரேக் எல்லாம் புதிதாகப் போட்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமை தருவதாகச் சொன்னார். பெயிண்டும் அடித்துவிடச் சொன்னேன். “வேண்டவே வேண்டாம். அப்படியே இருக்கட்டும்” என்று மகேசு பதறிப்போய்த் தடுத்தாள். செலவு வைக்கக் கூடாதென்று நினைக்கிறாள். பெண் பிள்ளைக்குத்தான் அப்பன் மேல் இந்தப் பாசம் இருக்கும்.

கோமதி இன்னும் பார்க்கவில்லை.

ஜூன் 30, ஞாயிறு

கோமதி பார்த்துவிட்டாள். ராத்திரி சாப்பாடு: ஒன்றுமில்லை.

ஜூலை 1, திங்கள்

காலையில் மேல்காற்று முதுகில் கைவைத்துத் தள்ளிவிட்டது, சிரமமே இல்லை. மில் கேட்டுக்குள் நுழையப் போனால் வாட்ச்மேன் கருத்தபாண்டி கையை நீட்டித் தடுக்கிறார்.

“பால் கேன்டீன் பக்கம் போகணும்.”

“யோவ், நான்யா.”

“அய்யய்யோ சார், நீங்களா!” என்று சல்யூட் அடித்தார். அடித்துவிட்டு, ஸ்டாஃப் ஷெட்டில் பைக் மட்டும்தான் விடலாம், சைக்கிள் என்றால் லேபர் ஷெட்டுக்குத்தான் போக வேண்டும் என்கிறார். சட்டமாம். போனேன். ஸ்டோரில் என்னோடு வேலை பார்க்கிறவர்கள் ஒருத்தரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலாவது சுகர் என்று சொல்லியிருப்பேன். சாவு வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி தலையை ஆட்டிவிட்டுப் போனார்கள்.

சாயங்காலம் அதே காற்று எதிரே நின்றது. பாதி வழி உருட்டித்தான் வந்தேன்.

வந்ததும் மகேசு மோர் கொடுத்தாள். “இன்னைக்கு வழியில யாரும் பாத்தாங்களாப்பா?” என்று ஆவலாகக் கேட்டாள்.

ஜூலை 3, புதன்

மதியத்துக்கு மோர் கொண்டுபோகச் சொல்கிறாள் மகேசு. சர்க்கரைக்கு நல்லதாம். நல்லதுதான். அதற்கு இவ்வளவு பெரிய தூக்குவாளி எதற்கு? அவளே கேரியர் கொக்கியில் மாட்டிவிட்டாள். “கொக்கி இருக்கே, சும்மாவா கிடக்கணும்?” என்றாள். மூடி டக்டக்கென்று அடித்துக்கொண்டே மில் வரை வந்தது. ஆய்க்குடி விலக்கில் ஒரு அம்மா கையைக் காட்டி நிறுத்தி, அரை லிட்டர் கிடைக்குமா என்று கேட்டாள்.

நாளைக்கும் இதே வாளியாம். பிள்ளை ஆசையாகச் செய்கிறாளே என்று பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறேன்.

ஜூலை 5, வெள்ளி

வீடு இரண்டுபட்டுக் கிடக்கிறது.

சுரண்டையிலிருந்து ஒரு ஆள் மில் வாசல் டீக்கடையில் உட்கார்ந்து என்னைப் பற்றி விசாரித்துவிட்டுப் போயிருக்கிறான். சம்பந்தம் பண்ணப்போகிற வீட்டைப் பற்றி டீக்கடையில் கேட்டால்தான் உண்மை தெரியும் என்பது நம் பக்கத்து வழக்கம், நானே என் தங்கைக்கு அப்படித்தான் விசாரித்தேன். டீக்கடைக்காரர் என்ன சொன்னாரோ, மதினி கோமதிக்குப் போன் போட்டுவிட்டாள். “அண்ணன் பைக்கை வித்துட்டாகளாமே? மில்லு நேரம் போக பால் ஊத்துதாகளாமே? ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?”

கோமதி தரையில் உட்கார்ந்துவிட்டாள். “எம்பிள்ளை வாழ்க்கையை மிதிச்சுப் போட்டீகளே!” என்று ஒரே அழுகை. வாசலில் பைக் நிற்கிறது, போய்ப் பார்க்கச் சொல்லு என்று நானும் கத்தினேன். கத்தி என்ன பிரயோஜனம்? சுரண்டைக்குக் கேட்கவா போகிறது?

இத்தனைக்கும் நடுவில் மகேசு நிம்மதியாக உட்கார்ந்து தோசை தின்றாள். இன்னும் இரண்டு கேட்டு வாங்கித் தின்றாள். வாய்க்குள் என்னவோ பாட்டு வேறு. என்ன பிள்ளையோ, வீட்டில் இழவு விழுந்த மாதிரி இருக்கும்போது!

ஜூலை 10, புதன்

சாயங்காலம் எதிர்க்காற்றில் சைக்கிளை உருட்டிக்கொண்டு வருகிறேன், பக்கத்தில் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. இறங்கினவர் தெய்வநாயகம். தூக்குவாளியும் கையுமாக நான். பூமி பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்றிருந்தது.

சைக்கிளைச் சுற்றி வந்து பார்த்தார். கொக்கியைப் பார்த்தார். பிறகு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

“சம்பந்தி, என் ஆளு வந்து சொன்னப்ப நான் நம்பல. நேர்ல பாத்துருவோம்னுதான் வந்தேன். எங்கிட்ட பேச வர்றவன் எல்லாம் வாடகைக்கு ஒரு காரை எடுத்துக்கிட்டு வந்து இறங்குதான். நீங்க உள்ளதை உள்ளபடி காட்டுதீக. இந்த மாதிரி அடக்க ஒடுக்கமான வீட்டுப் பொண்ணுதான் எங்களுக்கு வேணும். அதுவேணும் இதுவேணும்னு கேக்காது. சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டு வீட்டோட இருக்கும்.”

பால் விற்கவில்லை, சுகர் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் காதில் வாங்கினால்தானே! ஆடி பிறக்கும் முன் வெற்றிலை பாக்கு மாற்றிவிடுவோம், வருகிற திங்கட்கிழமை, பதினைந்தாம் தேதி நாள் நன்றாக இருக்கிறது, கல்யாணம் ஆவணியில் என்று அவரே முடித்துவிட்டுக் காரில் ஏறினார்.

கோமதிக்கு நிலைகொள்ளவில்லை. நேற்று வரை எமன் என்று ஏசின சைக்கிளுக்குச் சந்தனம் தடவிக் குங்குமம் வைத்துவிட்டாள். எனக்கும் சந்தோஷம்தான். அந்த “சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டு” மட்டும் கொஞ்சம் உறுத்தியது. அப்படி ஒரு பிள்ளை எங்கள் வீட்டில் கிடையாதே.

ராத்திரி எட்டு மணிக்கு மகேசு கேம்ப் முடிந்து வந்தாள். கோமதி ஓடிப்போய் விஷயத்தைச் சொல்லி அவள் வாயில் பாயசத்தை ஊட்டப் போனாள். மகேசு தட்டிவிட்டாள். விறுவிறுவென்று வாசலுக்குப் போய்ச் சைக்கிளை ஓங்கி ஒரு எத்து எத்தினாள். தெருவே திரும்பிப் பார்க்கிற சத்தத்தோடு விழுந்தது.

“இந்தக் கண்றாவியைப் பாத்தாவது ஓடிப்போயிருவாங்கன்னு பாத்தேன். இதுக்கும் சரிங்கிறாங்களே!”

எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கினபோது தலைக்கு மேல் கோபம் வந்தது.

“அதுக்காகவா எனக்கு இதை வாங்கித் தந்த? அப்பனை ஊரு சிரிக்க வச்சு… ஏட்டி, வேண்டாம்னா வாயைத் தொறந்து வேண்டாம்னு சொல்லக் கூடாதா?”

“சொல்ல வந்தேம்ப்பா. எத்தனை தரம் வந்தேன்! சீட்டுன்னீங்க, கியர்னீங்க. அம்மாகிட்ட சொன்னா, வாயை மூடுங்கிறாங்க. நான் வேற என்ன செய்யட்டும்?”

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கோமதி என்னை ஏசினாள். நான் கோமதியை ஏசினேன்.

ஜூலை 12, வெள்ளி

இட்லி மூன்று. மில்லுக்குப் பைக்கில் போனேன். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மனசு ஆறவில்லை. அவள் என்னை வேடிக்கைப் பொருளாக்கினது பெரிசா, அவ்வளவு தூரத்துக்கு அவளை நான் விட்டது பெரிசா என்று அங்கேயும் இங்கேயுமாக மண்டைக்குள் ஓடுகிறது.

கோமதி வெற்றிலை பாக்குக்கு ஆள் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

ஜூலை 13, சனி

கோமதி கோயிலுக்குப் போன நேரம் பார்த்து மகேசு அறைக்குள் போய் உட்கார்ந்தேன்.

“சரி, இப்ப சொல்லு. நான் சைக்கிளைப் பத்திப் பேசமாட்டேன்.”

சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. பிறகு அழுதாள். பிறகு சொன்னாள். அந்தப் பையன் கெட்டவனில்லை என்றாள். ஒரு தரம் போனில் பேசினானாம், வேலையை விட மனசில்லை என்று சொன்னதற்கு, அதெல்லாம் அப்பாகிட்ட கேட்டுக்கோ என்றானாம்.

“ஒரு கேம்ப்ல எத்தனை பேர் கண்ணைப் பாக்கேன் தெரியுமாப்பா? முத தடவை கண்ணாடி போட்டுக்கிட்டு, தூரத்துல இருக்கிற பஸ் போர்டை வாசிச்சுட்டு என் கையைப் பிடிச்சுக்கிறாங்க. அதை விட்டுட்டு அங்க போயி மூணு மாடியையும் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணுமா? எனக்கு வேண்டாம்.”

“வேண்டாமா?”

“வேண்டாம்ப்பா.”

இவ்வளவுதான். காது கொடுத்தால் முடிகிற விஷயத்துக்கு ஒரு மாதமாக என்ன கூத்து!

ஜூலை 14, ஞாயிறு

காலையில் பைக் சாவியைக் காணோம். சாமி படம், சட்டைப் பை, டிவி மேல் எல்லாம் தேடினேன். கோமதி முகத்தைத் திருப்பிக்கொண்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நேற்று நாங்கள் பேசினதை எப்படியோ மோப்பம் பிடித்துவிட்டாள். சரி, சாவியை நீயே வைத்துக்கொள் என்று பால்காரர் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். போனில் சொல்லியிருக்கலாம். மனுஷன் நேரில் வந்து கையைப் பிடித்தாரே, நேரில் போவதுதான் முறை.

ஆய்க்குடி, சாம்பவர்வடகரை, சுரண்டை. காற்று தள்ளிக்கொண்டு போய்விட்டது. தெய்வநாயகம் என்னைப் பார்த்ததும் வாசலுக்கே வந்துவிட்டார். பக்கத்துக் கடைக்காரர்களைக் கூப்பிட்டு, “தென்காசியிலேருந்து இதுலயே வந்திருக்காக!” என்று சைக்கிளைக் காட்டினார். காபி வந்தது, சீனி போட்டிருந்தது, குடித்தேன்.

“தப்பா நினைக்காதீக. நாளைக்கு வேண்டாம். பிள்ளைக்கு விருப்பமில்ல” என்றேன்.

முதலில் சிரித்தார். “பிள்ளைகளுக்கு என்ன தெரியும்? பெரியவங்க நாம சொன்னா கேக்கும்.”

“எங்க வீட்டுல கேக்காது. நான் அவளை அப்படி வளக்கல.”

“காரணம்னு ஒண்ணு வேணும்லா?”

ஜாதகம், சர்க்கரை, பாட்டன் வழியில் ஏதோ தோஷம் என்று வழி நெடுக ஏழெட்டுக் காரணம் யோசித்துக்கொண்டுதான் போனேன். ஒன்றும் வாயில் வரவில்லை.

“பிடிக்கல. வேலையை விட மாட்டாளாம். அவ்வளவுதான்.”

அவர் முகம் கறுத்துப்போயிற்று. உள்ளேயிருந்து ஒரு பெண் குரல், “பால் ஊத்துறவனுக்கு வந்த எகத்தாளத்தைப் பாரு!” என்றது. நான் கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன். இந்தத் தடவை சுகர் என்று விளக்கிக்கொண்டு நிற்கவில்லை.

திரும்பி வர மூன்று மணி நேரம் ஆயிற்று. காற்று ஓட்ட விடவில்லை, மழை வேறு. நாலு இடத்தில் உட்கார்ந்து, குதிகாலை நீவி நீவி விட்டு, உருட்டிக்கொண்டு வந்தேன். வீட்டு வாசலில் கோமதி நின்றிருந்தாள். மதினி போன் எனக்கு முந்தி வந்துவிட்டது, கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. அவளுக்குப் பின்னால், நாளைக் காலைக் கேம்புக்கு எடுத்துவைத்த பையோடு மகேசு.

“சுரண்டையில போயி என்ன சொன்னீக?”

“வேண்டாம்னுட்டேன்.”

“யாரைக் கேட்டு வேண்டாம்னு சொன்னீக?”

“மகேசைக் கேட்டு” என்றேன்.